ஏத்தி வச்ச ஜீப்

சென்னையில இருந்து தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள் முதல்ல மாட்டைப் பார்ப்பாங்க, அப்புறம் கிணத்தை எட்டிப் பார்ப்பாங்க, கடைசியா வேப்பமரத்தடியில நிக்கிற ஜீப்கிட்ட போய் நின்னுக்குவாங்க. "இதை லிஃப்ட் பண்ணி, பெரிய டயர் போட்டா செமயா இருக்கும் சார்" என்று யாராவது ஒருத்தர் சொல்லாம போனதில்ல. நான் சிரிச்சுட்டு மோரைக் குடுத்து அனுப்பிருவேன். போன வாரமும் ஒரு தம்பி கேட்டார். சரி, இந்தக் கதையை ஒருதரம் எழுதியே வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். ஏன்னா, அதைச் செஞ்சு பார்த்துட்டு, பாதியைத் திரும்பக் கழட்டிப் போட்டவன் நான்.

முதல்ல வண்டி. மகேந்திரா எம்.எம். 540, 1993 மாடல். பெஜோ டீசல் எஞ்சின், நாலு கியர், ஃபோர் வீல் டிரைவ். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது, மழை பெய்ஞ்சா உள்ளயும் கொஞ்சம் பெய்யும். தேனிப் பக்கம் ஒரு எஸ்டேட்ல ஓடின வண்டி. 2010-ல வாங்கினேன். உரமூட்டை, மாட்டுத்தீவனம், பருத்தி மூட்டை, கல்யாணத்துக்குப் போற சனம், எல்லாம் இதுலதான்.

அடுத்து பாதை. எங்க நிலம் கள்ளிக்குடிக்கு மேற்கே, சுத்தமான கரிசல். தார் ரோட்டுல இருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதை. நடுவுல ஒரு ஓடை. ஒன்பது மாசம் அது ஓடைன்னே தெரியாது, ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் மறுகால் பாய்ஞ்சா முழங்காலுக்குத் தண்ணி வரும். தண்ணியைக் கூடத் தாண்டிரலாம். ஓடைக்கு இந்தப் பக்கம் அறுபது அடி நீளத்துக்கு ஒரு பள்ளம் இருக்கே, அதுதான் எமன்.

கரிசலைப் பத்தி நகரத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்குற இந்த மண்ணு, மழை விழுந்ததும் தண்ணியைக் குடிச்சு உப்பிப் போகும். மாண்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் இதுல நிறைய இருக்கு, அது செய்யுற வேலை. பயிருக்கு இது வரம். பருத்தி மழை இல்லாமலும் பல நாள் தாக்குப் பிடிக்கிறது இந்த மண்ணு வச்சிருக்குற ஈரத்துலதான். சக்கரத்துக்கு இது சாபம். செம்மண்ணு சக்கரத்தை வழுக்கி விடும், மணல் உள்ள இழுக்கும். கரிசல் ரெண்டையும் செஞ்சுட்டு, போதாததுக்குச் சக்கரத்துலயே அப்பிக்கிட்டுக் கூடவே வரும். செருப்புப் போட்டு நடந்தா நாலடியில கால் ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ ஆயிரும்.

2021 கார்த்திகை. அந்த வருச மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சது. எப்பவும் வர்ற வீசிங்தான், ஆனா அன்னிக்கு ஸ்ப்ரேக்கு அடங்கல. 108-க்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும் வந்துரும், அதுக்கு மேல அதால வர முடியாதுன்னு எனக்கே தெரியும். அம்மாவை ஜீப்ல உக்கார வச்சு, ஃபோர் வீல் போட்டுக் கிளப்பினேன். பள்ளத்துல பாதி தூரம் போனதும் வண்டி நின்னு போச்சு. நாலு சக்கரமும் சுத்துது, வண்டி நகரல. டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தா, டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் தடம் ஆழமாகி, நடுவுல மண்ணு வரப்பு மாதிரி நிக்குது. ஜீப்போட அடிவயிறு அந்த வரப்பு மேல ஏறி உக்காந்துருச்சு.

பக்கத்துத் தோட்டத்துல இருந்து நாலு பேர் ஓடி வந்தாங்க. வீட்டுத் திண்ணையில கிடந்த கயித்துக் கட்டிலைத் தூக்கிட்டு வந்து, அம்மாவை அதுல படுக்க வச்சு, தலைக்கு மேல உரச்சாக்கைப் பிடிச்சுக்கிட்டு முக்கால் கிலோமீட்டர் தூக்கிட்டுப் போனோம். அம்மா பொழைச்சு வந்துட்டாங்க. ஆனா கட்டில் காலைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்த அந்த இருபது நிமிசம் என்னைய விடல. யாரும் எதுவும் பேசல. அம்மா மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அது கேக்குற வரைக்கும் நல்லதுன்னு நடந்தோம்.

அந்த ராத்திரியில முடிவு பண்ணேன், வண்டியை ஏத்திரணும்னு.

மதுரையில காளவாசல் பக்கம் ஒரு பட்டறை. பேரு வேண்டாம், நல்ல வேலைக்காரர்தான். "அண்ணே, ரெண்டு அங்குலம் ஏத்திருவோம், டயரைப் பெருசு பண்ணிருவோம், அப்புறம் பாருங்க, கண்மாய்க்குள்ளயே ஓட்டலாம்" என்றார். 2022 சித்திரையில, அழகர் ஆத்துல இறங்கி ஊர் அடங்கின பிறகு, வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

இந்த மாதிரி ஜீப்ல நாலு மூலைக்கும் லீஃப் ஸ்பிரிங். பட்டறைக்காரங்க பட்டைம்பாங்க. அதை உயர்த்த மூணு வழி உண்டு. ஒண்ணு, பட்டையோட நுனியைப் பிடிச்சிருக்குற ஷாக்கிளை நீளமாப் போடுறது. ரொம்ப மலிவு. ஆனா முன்பக்கம் அப்படிச் செஞ்சா சக்கரத்தோட சாய்வு மாறி ஸ்டியரிங் அலைய ஆரம்பிச்சுரும். ரெண்டாவது, இருக்குற பட்டை கூட இன்னும் ஒண்ணு ரெண்டு பட்டை சேர்க்குறது. வண்டி உயரும், கூடவே கட்டை மாதிரி இறுகிரும். மூணாவது, வளைவு அதிகமா அடிச்ச புது செட்டையே போடுறது. நான் மூணாவதைப் போட்டேன். அதோட நீளமான ஷாக் அப்சார்பர். டயர் 6.00-16 இருந்தது, 7.00-16 ஆச்சு, கட்டை கட்டையாப் பட்டன் வச்சது. அதுக்கு ஏத்த ரிம். ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு. மொத்தச் செலவு எண்பதாயிரத்தைத் தாண்டிருச்சு. அது ஒரு ஏக்கர் பருத்திப் பணம்.

வண்டி வெளிய வந்து நின்னப்ப, உண்மையைச் சொல்லணும், எனக்கே நெஞ்சு நிமிர்ந்துச்சு. கப்பலூர் டோல்கேட்ல பின்னாடி கார்ல இருந்த பையன் இறங்கி வந்து போட்டோ எடுத்தான்.

வீட்டுக்கு வந்து, "அம்மா, வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றேன். அம்மாவுக்கு அப்ப எழுபத்தி நாலு வயசு. வந்து வண்டியைப் பிடிச்சாங்க. வலது காலைத் தூக்கினாங்க. எட்டல. இன்னொரு தரம் தூக்கினாங்க. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க.

"வண்டியை ஏத்திப்புட்ட, சரி. என்னைய யாருப்பா ஏத்துறது?"

கிண்டலாத்தான் கேட்டாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தேன். ஸ்பிரிங்ல ரெண்டு அங்குலம், டயர்ல ஒரு அங்குலம். மூணு அங்குலம்தான். ஆனா தேஞ்ச முட்டிக்கு அது மூணு அடி. யாருக்காக இம்புட்டுச் செலவு பண்ணேனோ, அவங்களால அதுல ஏற முடியல.

பாதையையாவது ஜெயிச்சமான்னு கேட்டா, அதுவும் இல்ல. அந்த ஐப்பசி முதல் மழையில வேணும்னே வண்டியைப் பள்ளத்துல விட்டேன். பழைய டயரை விட இருபது அடி கூடப் போச்சு, அவ்வளவுதான். பட்டனுக்கு இடையில கரிசல் அடைச்சு, நாலு டயரும் வழுவழுன்னு கருப்பு உருளை ஆயிருச்சு. நின்னு போச்சு. குனிஞ்சு பார்த்தேன். இந்தத் தடவை அடிவயிறு மண்ணுல படல. நடுவுல தொங்குதே டிஃபரன்ஷியல் உருண்டை, அது போய் வரப்புல குத்தி நின்னுச்சு.

அன்னிக்குத்தான் எனக்கு விசயம் புரிஞ்சது. ஸ்பிரிங்கை எவ்வளவு ஏத்தினாலும் உயர்றது ஸ்பிரிங்குக்கு மேல இருக்குற வண்டிதான். பாடி உயரும், சேஸிஸ் உயரும். ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தோட கோர்த்துக் கிடக்கு. அது உயரணும்னா சக்கரம் பெருசாகணும். டயர் விட்டத்துல அஞ்சு செ.மீ. கூடினா ஆக்ஸில் உயர்றது அதுல பாதி, ரெண்டரை செ.மீ. அதுவும் காத்து முழுசா இருந்தா. நான் எண்பதாயிரம் குடுத்துச் சேத்துல வாங்கினது ஒரே ஒரு அங்குலம்.

இதை எங்க தாத்தா கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். அவர்கிட்ட ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டி இருந்துச்சு. சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம், அகலம் நாலு விரக்கடை. அச்சு தரையில இருந்து ரெண்டு அடிக்கு மேல நிக்கும். ஒல்லிச் சக்கரம் சேத்தை அறுத்துக்கிட்டு அடியில இருக்குற கெட்டித் தரையைத் தொட்டுரும், அச்சு எதுலயும் முட்டாது. பின்னாடி டயர் வண்டி வந்தப்ப தார் ரோட்டுல பாரம் ரெண்டு மடங்கு ஏத்தலாம், மாட்டுக்கும் இழுவை சுலபம்னு எல்லாரும் மாறினாங்க. ஆனா சக்கரம் சின்னதாப் போச்சு. சேத்துல இறங்க டயர் வண்டிக்காரங்க யோசிப்பாங்கன்னு அப்பா சொல்லுவார். நான் காளவாசல் போய்க் காசு குடுத்துக் கத்துக்கிட்ட பாடம், எங்க வீட்டுக் கொட்டத்துலயே உடைஞ்ச சக்கரமாச் சாய்ஞ்சு கிடந்திருக்கு.

டிராக்டர் வச்சு இழுத்துவிட்ட பையன் இன்னொண்ணு சொன்னான். "மாமா, தடத்துலயே ஏன் விடுறீங்க? ஒரு சக்கரத்தை நடு மேட்டுல வைங்க, இன்னொண்ணைத் தடத்துக்கு வெளிய வைங்க. காத்தையும் கொஞ்சம் இறக்கி விடுங்க." அவன் டிராக்டர் பெரிய டயர்ல இருக்குறது 12, 14 பவுண்டு காத்துதான். நான் 30 பவுண்டோட சேத்துல இறங்கியிருக்கேன். காத்தைக் குறைச்சா டயர் அகலமா மண்ணுல படியும், புதையாது. 18-க்கு இறக்கிப் பார்த்தேன். அதே பள்ளம், அதே சேறு, தாண்டிருச்சு. செலவு, திரும்பக் காத்து அடிக்க ஒரு கால் பம்பும் அரை மணி நேரமும். ஆனா தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி கண்டிப்பா அடிச்சிரணும். குறைஞ்ச காத்தோட வேகமாப் போனா டயர் சூடேறி வெடிச்சிரும்.

ரோட்டுல வேற கணக்கு. திருமங்கலத்துல இருந்து பத்து மூட்டை யூரியா ஏத்திக்கிட்டு வந்தேன். மூட்டைக்கு 45 கிலோ. நாலு வழிச்சாலையில இருந்து சர்வீஸ் ரோட்டுல திரும்புறப்ப, எப்பவும் திரும்புற அதே வேகம்தான், வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சது பாருங்க, பக்கத்துல இருந்த என் மனைவி கம்பியைப் பிடிச்ச பிடியை வீடு வர்ற வரைக்கும் விடல. பாரம் மேல போகப் போக வண்டி கவிழத் தயாராகும். டயர் பெருசானதால பிரேக்கும் பழைய மாதிரி பிடிக்கல. நாலும் டிரம் பிரேக், பாவம் அது பழைய சக்கரத்துக்குச் செஞ்சது. ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லுது. இதை நீங்களே சோதிக்கலாம். டயர்லயும் தரையிலயும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு முழுச் சுத்து உருட்டி அளந்து பாருங்க. எனக்குப் பழைய டயர் 222 செ.மீ., புதுசு 237. அதாவது மீட்டர் 60 காட்டுறப்ப வண்டி 64-ல போகுது.

இதை விடப் பயந்தது வேற ஒண்ணுக்கு. ஓடைக் கரையில ஏறுறப்ப ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிச்சு. கீழ பார்த்தா, சக்கரத்துக்குப் போற பிரேக் ரப்பர் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது. ஸ்பிரிங்கை உயர்த்தினவங்க ஹோஸை நீளமாப் போடல. நானும் கேக்கல. இன்னும் ரெண்டு விரல் இறங்கியிருந்தா அறுந்திருக்கும். யாராவது இந்த வேலையைச் செய்யப் போறீங்கன்னா, டயர் அழகைப் பாக்குறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் ஜாக்கியில தொங்க விட்டு ஹோஸைப் பாருங்க.

2023-ல ஆர்.சி. புதுப்பிக்கணும். பதினஞ்சு வருசம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணுமே. அதுக்கு முன்னாடி வக்கீல் நண்பர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது இது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரளா வழக்குல இதை அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல, மாத்தின ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு எழுதியிருக்கு. "விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல இதைத்தான் கேப்பான்" என்றார். செய்யுறதுக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. யாரும் கேக்குறதில்ல, நானும் கேக்கல.

கழட்டிட்டேன். வளைவு அடிச்ச பட்டையை எடுத்துட்டு, கம்பெனி அளவுலயே புது செட் போட்டேன். இங்கதான் ஒரு வேடிக்கை. முப்பது வருசம் பாரம் சுமந்த பழைய பட்டை தளர்ந்து படுத்துப் போயிருந்திருக்கு. சரியான அளவுல புதுசு போட்டதுமே, பழைய நிலைக்கு மேல ஒண்ணேகால் அங்குலம் வண்டி எழுந்து நின்னுச்சு. முதல்லயே இதை மட்டும் செஞ்சிருந்தா போதும். டயர் திரும்ப 6.00-16, ஆழமான பட்டன் உள்ளது. அம்மா பக்கம் ஒரு இரும்புப் படி வச்சு, பிடிச்சு ஏற ஒரு கம்பியும் வச்சேன். பெரிய டயர் அஞ்சையும் பாதி விலைக்கு வித்தேன். வாங்கினவர்கிட்ட இந்தக் கதை பூராவும் சொன்னேன். "பரவாயில்லண்ணே, பாக்க நல்லாருக்கு" என்றார். அதுக்கு நான் என்ன சொல்ல?

மதுரைக்காரங்களுக்கு டயர் புதுசு இல்ல. 1911-ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழில் ஆரம்பிச்ச ஊரு இது. இன்னிக்கும் மேலூர் ரோட்டுல வெள்ளரிப்பட்டியில டிராக்டருக்கும் பைக்குக்கும் டயர் செய்யுற பெரிய ஆலை இருக்கு. டயர் இம்புட்டு வந்தும், மண்ணுப் பாதை அதே மண்ணுப் பாதையாத்தான் கிடக்கு. நான் மூணு வருசமா வண்டியை அளந்தேன். பள்ளத்தை ஒருநாளும் அளக்கல.

அளந்தது அம்மாதான். ஒருநாள் படி மேல கால வச்சு ஏறி உக்காந்துட்டு, "அந்த அறுபதடிக்குக் கல்லைக் கொட்டுனா என்ன? உங்க அய்யா இருந்தப்ப வருசா வருசம் ரெண்டு வண்டி சரளை போடுவாரு" என்றார்கள். ஆமா, போடுவார். அந்தப் பாதையில நிலம் இருக்குற ஏழு குடும்பமும் மாசி கடைசியில ஒருநாள், பருத்தி எடுக்குற வேலையை நிறுத்திட்டு, சேர்ந்து செய்வோம். எல்லார் வீட்டுக்கும் டிராக்டர் வந்த பிறகு அந்தப் பழக்கம் தன்னால நின்னு போச்சு. டிராக்டர் எந்தச் சேத்துலயும் போயிருமே, பிறகு பாதை எதுக்கு?

போன வைகாசியில ஏழு வீட்டுலயும் போய்க் கேட்டேன். அஞ்சு வீடு வந்தாங்க. ஊருக்குள்ள இடிச்ச பழைய வீட்டுக் கல்லும் ஓடும் நாலு டிராக்டர் லோடு கிடைச்சது. நடு வரப்பை வெட்டிச் சமப்படுத்தி, ரெண்டு பக்கமும் தண்ணி வடிய வாய்க்கால் எடுத்து, கல்லைப் பரப்பி டிராக்டரை மேல ஓட்டி அமுக்கினோம். ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம். என் ஒரு டயர் விலை கூட இல்ல. வராத ரெண்டு வீட்டுக்காரங்களும் இப்ப அதுல போறாங்க, போகட்டும்.

ஓடை மட்டும் அப்படியே இருக்கு. அதுக்குக் குழாய் போட்டுச் சின்னப் பாலம் வேணும், அது எங்க கையில இல்ல. அக்டோபர் 2 கிராம சபையில எழுதிக் குடுத்திருக்கோம். அதுவரைக்கும், மேற்கே இடி இடிச்சாப் போதும், நான் ஜீப்பை ஓட்டிட்டுப் போய் ஓடைக்கு அந்தப் பக்கம், ரோட்டுப் பக்கம் நிறுத்திட்டு நடந்து வந்துருவேன். டிராக்டர்க்காரப் பையன் சொன்ன யோசனைதான் அதுவும். ஆளை ஓடை தாண்டித் தூக்கிட்டா போதும், அங்கிட்டு வண்டி தயாரா நிக்கும்.

கயித்துக் கட்டில் திண்ணையிலயேதான் கிடக்கு. போன மாசம் கயிறு தளர்ந்து போச்சுன்னு அம்மா புதுசாப் பின்னச் சொன்னாங்க. பின்னி வச்சிருக்கேன்.